பன்னிரண்டாவது ஆள்

கோ-கோ அணிக்குப் பன்னிரண்டு பேர் வேண்டும். களத்தில் ஒன்பது பேர், வெளியே மாற்று ஆட்களாக மூன்று பேர். கபடிக்கு ஏழு பேர் இறங்கினால் போதும், வாலிபாலுக்கு ஆறு. வளையப்பந்துக்கு இரண்டு பேர் இருந்தாலே ஆட்டம் ஆரம்பம். எண்பதுகளின் கடைசியில் திருமுல்லைவாயிலில் பள்ளிக்கூடத்துப் பெண் பிள்ளைகள் பன்னிரண்டு பேரை ஒரு வருஷம் முழுக்க மைதானத்தில் வைத்திருப்பது, கோப்பை வாங்குவதைவிடப் பெரிய காரியம். அதைச் செய்துகாட்டிய ஒரு பி.டி. டீச்சரையும் அவர் சேர்த்த அணியையும் பற்றித்தான் சொல்ல வருகிறேன். அந்த அணியில் நானும் ஒருத்தி.

அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் ஊர். ஒரு பக்கம் 1964-ல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டை, டி.ஐ. சைக்கிள், டன்லப். மறுபக்கம் ஆவடி டாங்கித் தொழிற்சாலை. ஊரில் பாதி அப்பாக்கள் கிழக்கே வேலைக்குப் போவார்கள், பாதிப் பேர் மேற்கே போவார்கள். ஷிப்ட் நேரத்தைப் பார்த்துத்தான் வீடுகளில் உலை வைப்பார்கள். சி.டி.எச். ரோட்டின் இருபுறமும் வயல்கள் அளவுக்கல் நட்டு மனைகளாகிக்கொண்டிருந்த காலம் அது. அந்த மனைகளில் குடிவந்தவர்களின் பிள்ளைகளும் பழைய ஊர்க்காரர்களின் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தோம்.

பள்ளியில் விளையாட்டுச் சாமான் வைக்க ஒரு மர அலமாரி இருந்தது. அதில் இரண்டு வாலிபால், நூல் பிரிந்த ஒரு வலை, ரப்பர் வளையங்கள், ஒரு இரும்புக் குண்டு, முனை மழுங்கிய ஈட்டி. பந்தும் வலையும் பையன்களுக்குப் போய்விடும். மைதானத்தின் நடுப்பகுதியும் அவர்களுக்குத்தான். எங்களுக்குக் கிடைத்தது சுற்றுச்சுவரை ஒட்டிய ஓரம். புதிதாக வந்த டீச்சர் முதல் வாரம் அந்த ஓரத்தைக் காலடி வைத்து அளந்து பார்த்தார். பிறகு தச்சரைக் கூப்பிட்டு நாலடி உயரம் நிற்கிற மாதிரி இரண்டு மரக் கம்பங்கள் செய்யச் சொன்னார். கம்பம் நட்டு, கயிறு பிடித்து, சுண்ணாம்புத் தூளில் கோடு போட்டால் கோ-கோ களம் தயார். பந்து வேண்டாம், வலை வேண்டாம், மட்டை வேண்டாம். இருப்பதிலேயே செலவில்லாத ஆட்டம். ஆள்தான் செலவு.

ஆடாதவர்களுக்காக ஆட்டத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இரண்டு கம்பங்களுக்கும் நடுவே ஒரு பாதை. அதில் எட்டுச் சதுரங்களில் எட்டுப் பேர் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். ஒருத்தி இந்தப் பக்கம் பார்த்திருந்தால் அடுத்தவள் அந்தப் பக்கம். ஒன்பதாவது ஆள் துரத்துவாள். எதிரணியிலிருந்து மூன்று மூன்று பேராக வந்து ஓடுவார்கள். ஓடுகிறவள் உட்கார்ந்திருப்பவர்களுக்கு நடுவே புகுந்து எந்தப் பக்கமும் போகலாம். துரத்துகிறவளுக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. நடுப்பாதையைத் தாண்டக் கூடாது, கிளம்பிய திசையிலிருந்து பாதியில் திரும்பவும் கூடாது. கம்பத்தைச் சுற்றித் திரும்பலாம். இல்லையென்றால் உட்கார்ந்திருக்கிற ஒருத்தியின் முதுகைத் தட்டி 'கோ' என்று சொல்லி, அவளை எழுப்பிவிட்டு, அவள் இடத்தில் தான் உட்கார வேண்டும். வழக்கமான விதிப்படி ஒரு முறைக்கு ஒன்பது நிமிடம், சிறு பிள்ளைகளுக்கு ஏழு.

பூனாவில் விதிகள் வகுக்கப்பட்டு, 1959-60-ல் விஜயவாடாவில் முதல் தேசியப் போட்டி நடந்த ஆட்டம் இது. எங்களுக்கு அந்தச் சரித்திரமெல்லாம் தெரியாது. வேகமாக ஓடத் தெரிந்தால் ஜெயித்துவிடலாம் என்றுதான் நினைத்துக்கொண்டு வந்தோம். டீச்சர் ஓடவே விடவில்லை. முதல் மாதம் முழுக்க உட்காரத்தான் சொல்லிக் கொடுத்தார்.

கோ-கோவில் உட்காருவது சும்மா உட்காருவது இல்லை. இரண்டு கையும் தரையில் ஊன்றி, ஒரு பாதம் முன்னே, ஒரு பாதம் பின்னே, பின்பக்கம் தரையில் படாமல், கண் ஓடுகிறவள் மேல் இருக்க வேண்டும். முதுகில் தட்டு விழுவதற்கு முன்னால் எழுந்தால் தப்பாட்டம். விழுந்த பிறகு அரைநொடி தாமதித்தால் ஓடுகிறவள் தப்பிவிடுவாள். எட்டுப் பேரில் ஒருத்தி தூங்கினால் போதும், மற்ற ஏழு பேருடைய ஓட்டமும் வீண்.

எங்கள் ஊர் மாசிலாமணீஸ்வரர் கோயிலில் நந்தி சுவாமிக்கு முதுகைக் காட்டி வெளியே பார்த்து உட்கார்ந்திருக்கும். தொண்டைமான் மன்னன் குறும்பர்களோடு போர் செய்தபோது அவனுக்குத் துணையாகப் போக நந்தியைச் சுவாமி அனுப்பினார், அதனால்தான் அது கிளம்புகிற கோலத்திலேயே இருக்கிறது என்பது தலபுராணம். தோற்ற குறும்பரின் கோட்டையிலிருந்து கொண்டுவந்ததாகச் சொல்லும் எருக்கந்தூண்கள் இரண்டும் சன்னதிக்கு முன்னால் இன்றும் நிற்கின்றன. காலையில் கோயில் வரை ஓடிவிட்டுத் திரும்புவது எங்கள் பயிற்சியில் ஒன்று. ஒருநாள் டீச்சர் எங்களை உள்ளே அழைத்துப்போய் நந்தியைக் காட்டி, "இப்படி உட்காரணும். உட்கார்ந்திருக்கு, ஆனா எழுந்துட்ட மாதிரி இருக்கு பார்" என்றார். அன்றைக்கிருந்து களத்தில் யாராவது சோர்ந்து உட்கார்ந்தால், "ஏய், நந்தி!" என்று ஒருத்தி கத்துவாள். எழுந்து சரியாக உட்கார்ந்துகொள்வோம்.

ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்தது டீச்சருக்குச் சுலபமான வேலை. பன்னிரண்டு பேரைக் காப்பாற்றியதுதான் நிஜமான வேலை.

ஜூன் மாதம் இருபது பேருக்கு மேல் பேர் கொடுப்போம். ஆகஸ்டுக்குள் பாதி கரைந்துவிடும். முதல் காரணம் வெயில். "ஏற்கெனவே நிறம் கம்மி, இதுல வெயில்ல வேற நிக்கிறியா?" என்பார்கள். இரண்டாவது, முட்டியில் விழும் சிராய்ப்பு. பொண்ணு பார்க்க வருகிறவர்கள் முட்டியையா பார்க்கப்போகிறார்கள் என்று நாங்கள் திருப்பிக் கேட்டதில்லை, கேட்டால் அடி விழும். மூன்றாவது, தெருப்பையன்களின் கேலி. 1986-ல் சியோல் ஆசிய விளையாட்டில் பி.டி. உஷா நான்கு தங்கம் வாங்கி வந்திருந்தார். ஓடுகிற எந்தப் பெண்ணைப் பார்த்தாலும் "இவ பெரிய பி.டி. உஷா" என்பார்கள். இந்தியாவின் பெருமை எங்கள் தெருவுக்கு வரும்போது கிண்டலாகிவிடும்.

நான்காவது காரணத்துக்குத்தான் மருந்தே கிடையாது. எட்டாம் வகுப்பிலிருந்து மாதத்துக்கு ஒருத்தி வயதுக்கு வருவாள். பச்சை ஓலை கட்டி, மஞ்சள் நீராட்டி, சீர் வைத்து, பதினைந்து நாள் கழித்து அவள் பள்ளிக்குத் திரும்புவாள். மைதானத்துக்குத் திரும்ப மாட்டாள். அவளுடைய இடம் அப்படியே காலியாக இருக்கும். ஆவடிப் பள்ளியோ பூந்தமல்லிப் பள்ளியோ எங்களைத் தோற்கடித்ததைவிட இந்த ஒரு காரணம் எங்களைத் தோற்கடித்தது அதிகம்.

அப்படி ஒருத்தி நின்றுவிட்டால் டீச்சர் சாயங்காலம் அவள் வீட்டுக்குக் கிளம்பிவிடுவார். லேடீஸ் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அவர் நடக்க, எங்களில் இரண்டு பேர் வழிகாட்டிகளாகப் பின்னால் போவோம். அவர் விளையாட்டைப் பற்றிப் பேச்செடுக்கவே மாட்டார். தண்ணீர் வாங்கிக் குடிப்பார். வீட்டுக்காரர் எந்த ஷிப்ட் என்று கேட்பார். கொடியிடை அம்மன் கோயிலில் வெள்ளிக்கிழமை பார்த்ததாகச் சொல்வார். பேச்சு தானாகவே வந்து சேரும்.

"டீச்சரம்மா, அவ பெரிய மனுஷி ஆயிட்டா. இனிமே கிரவுண்டுல குதிச்சா நல்லாவா இருக்கும்?"

"நானும் பெரிய மனுஷிதாம்மா. ரெண்டு புள்ளை பெத்துட்டேன். இன்னும் குதிச்சிட்டுத்தான் இருக்கேன்."

அம்மாக்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பில் கதவு கொஞ்சம் திறக்கும். பிறகு பேரம் நடக்கும். ஆறு மணிக்குள் வீட்டில் கொண்டுவந்து விட வேண்டும். வெளியூர் போனால் இரவு தங்கக் கூடாது. பரீட்சைக்கு முன்னால் ஒரு மாதம் பயிற்சி கிடையாது. எல்லாவற்றுக்கும் சரி என்பார். அப்பாக்களிடம், "பாரதியார் பேர்ல நடத்துற போட்டி சார், கவர்மென்ட் போட்டி" என்பார். பாரதியார் பேரும் கவர்மென்ட் பேரும் சேர்ந்தால் எந்த அப்பாவாலும் சட்டென்று மறுக்க முடியாது.

அவருடைய கெட்டிக்காரத்தனத்தில் எனக்கு மிகவும் பிடித்தது உடை விஷயம். பாவாடையோடு துரத்த முடியாது, டிரவுசர் போட வீட்டில் விட மாட்டார்கள். எதிர்ப்பதிலேயே முன்வரிசையில் நின்ற ஒரு அம்மா வீட்டில் தையல் மெஷின் வைத்திருந்தார். டீச்சர் நேராக அவரிடமே போய், முட்டிக்குக் கீழே வரைக்கும் தொளதொளவென்று இருக்கிற மாதிரி ஒரு உடை, அதன்மேல் சின்னப் பாவாடை, நீங்களே பார்த்துத் தைத்துக் கொடுங்கள், அளவும் நீங்களே முடிவு செய்யுங்கள் என்று சொல்லிவிட்டார். கூலியும் பேசினார். அந்த அம்மா பன்னிரண்டு உடை தைத்தார். தைத்து முடித்தபோது எதிர்ப்புக் கட்சியில் ஆள் இல்லை. தான் தைத்த உடையைத் தானே கூடாது என்று எப்படிச் சொல்வார்? அவருடைய மகளும் அணிக்கு வந்தாள். அவள்தான் பன்னிரண்டாவது ஆள்.

அவளுக்கு ஓடவே வராது. கொஞ்சம் பருமன், மூச்சு வாங்கும். தான் எண்ணிக்கைக்காகச் சேர்க்கப்பட்டவள் என்பது அவளுக்கும் தெரியும். தண்ணீர்க் குடம் தூக்குவாள், சுண்ணாம்புக் கோடு போடுவாள், நெருஞ்சி முள் பொறுக்குவாள். பயிற்சியில் யாராவது வராத நாளில் காலியான சதுரத்தில் உட்காருவாள். ஓட்டம் வராததால் உட்காருவதை ஒழுங்காகக் கற்றுக்கொண்டவள் அவள் ஒருத்திதான். நாங்கள் எல்லோரும் எழுந்து ஓடுகிற நொடிக்காக உட்கார்ந்திருந்தோம். அவள் உட்காருவதையே ஆட்டமாக எடுத்துக்கொண்டாள்.

போட்டிகள் படிப்படியாகப் போகும். முதலில் வட்டார அளவு, அங்கே ஜெயித்தால் கல்வி மாவட்டம், அதற்கு மேலே மாவட்டம், கடைசியில் மாநிலம். ஜூனியர், சீனியர், சூப்பர் சீனியர் என்று வயதுப் பிரிவுகள். திருவள்ளூர் மாவட்டம் அப்போது பிறக்கவில்லை. 1997-ல்தான் வந்தது. நாங்கள் செங்கல்பட்டு மாவட்டம், ஆட்சியர் அலுவலகமோ காஞ்சிபுரத்தில். போட்டி எங்கே நடந்தாலும் எங்களுக்கு அது வெளியூர்தான்.

வட்டாரப் போட்டிக்கு மின்சார ரயிலில் போனோம். அன்னனூர், ஆவடி, இந்துக் கல்லூரி, பட்டாபிராம் என்று ஒவ்வொரு ஸ்டேஷன் பேரையும் சத்தமாகப் படித்துக்கொண்டு போனோம். ஆவடியைத் தாண்டி ரயிலில் போனதே இல்லாதவர்கள் எங்களில் பாதிப் பேர். எலுமிச்சம்பழச் சோறும் ஊறுகாயும் தூக்குவாளியில் இருந்தது. ஆட்டத்துக்கு முன்னால் சாப்பிடக் கூடாது என்று டீச்சர் வாளியைத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டார்.

இறுதி ஆட்டத்தில் எதிரணிப் பெண்கள் எங்களைவிட நன்றாக ஓடினார்கள். ஓடுவதில் இரண்டு பாணி உண்டு. உட்கார்ந்திருப்பவர்களுக்கு இடையே நெளிந்து நெளிந்து வரிசை நெடுகப் போவது சங்கிலி. இரண்டு மூன்று பேரை மட்டும் வட்டமடித்துக்கொண்டு நேரத்தைத் தின்பது ரிங். அவர்களில் ஒரு ஒல்லிப் பெண் ரிங் ஆட்டத்தில் எங்களை அலைக்கழித்தாள். கடைசித் துரத்தலில், எங்கள் அணியிலேயே வேகமானவள் கம்பத்தருகே பாய்ந்து விழுந்து தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மற்ற இரண்டு மாற்று ஆட்களும் ஏற்கெனவே களத்தில் இருந்தார்கள். மீதி இருந்தது தையல்கார அம்மாவின் மகள்தான்.

அவள் வந்து ஒரு சதுரத்தில் உட்கார்ந்தாள். முதுகில் தட்டு விழுந்ததும் எழுந்தாள். துரத்திப் பிடிக்க முயற்சியே செய்யவில்லை. இரண்டே எட்டில் அடுத்தவள் முதுகைத் தட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். மறுபடியும் தட்டு விழுந்தது, மறுபடியும் இரண்டு எட்டு, 'கோ'. தன்னால் முடியாதது எது என்று அவளுக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தது. நாங்களும் அதைப் பார்த்து ஓட்டத்தைக் குறைத்து, தட்டுவதைக் கூட்டினோம். 'கோ' 'கோ' என்று வரிசை முழுக்கச் சத்தம் ஓடியது. ஒல்லிப் பெண் வட்டமடித்த இடத்திலெல்லாம் யாராவது ஒருத்தி எழுந்து நின்றாள். கடைசியில் அவளைத் தொட்டது நான். ஸ்கோர் தாளில் அந்த விக்கெட் என் பேரில் விழுந்தது. எனக்கு முன்னால் 'கோ' கொடுத்தவள் பேரைத் தாளில் எழுத இடம் கிடையாது.

வட்டாரத்தில் முதலிடம். கல்வி மாவட்டப் போட்டியில் முதல் சுற்றிலேயே நல்ல பயிற்சி உள்ள ஒரு அணியிடம் மோசமாகத் தோற்றோம். பள்ளி ஆண்டுவிழாவில் தலைமையாசிரியர் அறிக்கை வாசித்தார். நூறு மீட்டரில் இரண்டாம் இடம் வாங்கிய மாணவியின் பேர் வந்தது, பேச்சுப் போட்டியில் வென்ற மாணவனின் பேர் வந்தது. எங்களுக்கு ஒரு வரி: கோ-கோ, மகளிர், வட்டார அளவில் முதலிடம். பன்னிரண்டு பேரின் பெயரை வாசிக்க நேரம் இல்லை. எவர்சில்வர் டம்ளர் ஆளுக்கொன்று கிடைத்தது.

அடுத்த ஜூனில் அந்தப் பன்னிரண்டு பேரில் ஐந்து பேர்தான் மைதானத்துக்கு வந்தோம். சிலருக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை, ஒருத்தி வேறு ஊர் போய்விட்டாள், மற்றவர்களுக்கு வீட்டில் முடிந்துவிட்டது. டீச்சருக்கும் மாற்றல் வந்தது. கம்பங்கள் கொஞ்ச காலம் நின்றன, அப்புறம் பையன்கள் அதில் வாலிபால் வலை கட்ட முடியுமா என்று பார்த்தார்கள், உயரம் போதவில்லை.

அந்த அணியிலிருந்து யாரும் மாநில வீராங்கனை ஆகவில்லை. ஒருத்தி போலீஸில் சேர்ந்தாள், ஓட்டத் தேர்வில் முதலில் வந்ததாகச் சொன்னாள். தையல்கார அம்மாவின் மகள் ஊரிலுள்ள மகளிர் தொழிற்பேட்டையில் ஒரு பிரிவுக்கு மேற்பார்வை பார்த்தாள். மற்றவர்கள் குடும்பம், கடை, ஆஸ்பத்திரி வேலை என்று பரவிவிட்டார்கள். விளையாட்டுதான் அவர்களை ஆளாக்கியது என்று சொன்னால் அது மேடைப் பேச்சு. அவர்கள் பாட்டுக்கு ஆளானார்கள். ஒரு வருஷம் தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரம் வெட்ட வெளியில் கத்திக்கொண்டு ஓட இடம் கிடைத்தது, அவ்வளவுதான். அந்த வயதில், அந்த ஊரில், அது கொஞ்சம் இல்லை.

இன்றைக்கு எங்கள் பக்கத்துப் பள்ளிகளின் பெயர் உலகம் முழுக்கத் தெரியும். பாடியில் வளர்ந்த பிரக்ஞானந்தா 2018-ல் பன்னிரண்டு வயதில் கிராண்ட்மாஸ்டர் ஆனார். மேல் அயனம்பாக்கம் வேலம்மாள் வித்யாலயாவில் படித்த குகேஷ் 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் டிங் லிரனை வென்று உலக சாம்பியன் ஆனார். அம்பத்தூர் தாண்டி ஒரு பிள்ளை உலகத்தை ஜெயிப்பான் என்று எங்கள் காலத்தில் சொல்லியிருந்தால் சிரித்திருப்போம். சதுரங்கம் ஒரு பிள்ளையையும் அவனை நம்பிய குடும்பத்தையும், லீவு கொடுக்கத் தயங்காத பள்ளியையும் கேட்கிறது. அது கிடைத்த இடத்தில் விளைந்திருக்கிறது.

கோ-கோவுக்கும் நல்ல காலம்தான். 2025 ஜனவரியில் டெல்லியில் முதல் உலகக் கோப்பை நடந்தது. இறுதியில் இந்தியப் பெண்கள் நேபாளத்தை 78-40 என்று வென்றார்கள், ஆண்களும் வென்றார்கள். அதே வருஷம் அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற கபடி அணியில் சென்னை கண்ணகி நகரின் கார்த்திகா இருந்தார். முதலமைச்சர் கோப்பையில் மாநில அளவில் தனிநபர் முதலிடத்துக்கு ஒரு லட்ச ரூபாய் தருகிறார்கள். விளையாட்டுத் துறை அமைச்சராக உதயநிதி ஸ்டாலின், பி.டி. பீரியடைக் கணக்கு, அறிவியல் ஆசிரியர்கள் கடன் வாங்க வேண்டாம் என்று மேடையிலேயே கேட்டுக்கொண்டார். கைதட்டல் பலமாக இருந்தது என்றால், அந்தக் கடன் இன்னும் தீரவில்லை என்று அர்த்தம்.

பரிசும் பணமும் வரட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் பரிசு ஜெயித்தவளைத் தேடிப் போகிறது. எங்கள் டீச்சர் நின்றுபோனவளைத் தேடிப் போனார். கண்ணகி நகரில் ஒரு கார்த்திகா வர வேண்டுமென்றால், அவளோடு தினமும் மோத ஊர்பேர் தெரியாத பெண்கள் வேண்டும். அவர்களுக்குக் கோப்பை கிடையாது, ஆண்டறிக்கையில் வரி கிடையாது. அவர்கள் நின்றுவிட்டால் கார்த்திகா யாரோடு ஆடுவாள்?

ஊர்ப் பக்கம் பள்ளி விழாக்களுக்கு இப்போது எப்போதாவது அழைப்பு வருகிறது. வாங்கிய பதக்கங்களை வரிசையாக வாசிக்கிறார்கள், நானும் கைதட்டுகிறேன். விழா முடிந்ததும் பி.டி. ஆசிரியரைத் தனியாகப் பிடித்து ஒரே ஒரு கணக்கைக் கேட்பேன்: எட்டாம் வகுப்பில் ஆடிய பெண்களில் எத்தனை பேர் பத்தாம் வகுப்பிலும் ஆடுகிறார்கள்? பலர் யோசித்துவிட்டு, பார்த்துச் சொல்கிறேன் என்பார்கள். ஒரு இளம் டீச்சர் மட்டும் யோசிக்காமல் எண்ணைச் சொன்னார். ஒவ்வொருத்தி ஏன் நின்றாள் என்பதையும் விரல் விட்டுச் சொன்னார். அந்தப் பள்ளி அந்த வருஷம் எதிலும் ஜெயித்திருக்கவில்லை.